பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்கிறார்கள்? சகமாணவர் தலைவர்களைக் கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியிலும், அங்கிருந்து பிள்ளைகள் போய்ச் சேரும் ஓர் இடைநிலைப்பள்ளியிலும் நான்கு வருடமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். பிள்ளைகளிடம் பெயர் எழுதி வாங்கி, யார் யாரைப் பார்த்து நடக்கிறார்கள் என்று படம் போட்டு, அதை வைத்துச் சகமாணவர் தலைவர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், ஆசிரியர் அறையில், கோயில் திருவிழாவில் என்று எங்கே பார்த்தாலும் அதே கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

டீச்சர், சமூக வலைப்பின்னல் ஆய்வு என்கிறீர்களே, பேஸ்புக், டிக்டாக் பார்த்துச் செய்கிற வேலையா?

இல்லை. பிள்ளைகளின் போனைத் தொடுவதே இல்லை. வலைப்பின்னல் என்று இங்கே சொல்வது ஆட்களுக்கு நடுவில் இருக்கிற தொடர்பை. வகுப்பில் 26 பிள்ளைகள் இருந்தால் 26 புள்ளி வைக்கிறோம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தெரியாததை யாரிடம் கேட்கிறார்கள் என்பதற்கெல்லாம் கோடு போடுகிறோம். கோலம் மாதிரி ஒழுங்காக வராது. ஒரு பக்கம் கோடுகள் குவிந்து கிடக்கும், இன்னொரு பக்கம் ஒரு புள்ளி தனியாக நிற்கும். அந்தக் குவியலையும் அந்தத் தனிப் புள்ளியையும் படிப்பதுதான் ஆய்வு.

கணினி வருவதற்கு முன்பே தொடங்கிய வேலை இது. 1932இல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் விடுதிப்பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். ஜேக்கப் மோரெனோ என்ற மனநல மருத்துவர் அங்கிருந்த பெண்கள் யார் யாரோடு சேர விரும்புகிறார்கள் என்று கேட்டுப் படம் வரைந்தார். ஓடிப்போனதற்கு ஒவ்வொரு பெண்ணின் குணத்தை மட்டும் காரணம் சொல்லவில்லை அவர். படத்தில் அவர்கள் எங்கே இருந்தார்கள், யாரோடு இணைந்திருந்தார்கள் என்பதையும் காட்டினார். 1934இல் அது புத்தகமாக வந்தது. நாம் இன்று தாளில் போடுகிற கோடுகளுக்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

வகுப்புத் தலைவன் இருக்கிறான், நீலச் சட்டை போட்ட மாணவர் தலைவர்கள் இருக்கிறார்கள், அப்புறம் இன்னொரு தலைவன் எதற்கு?

அவர்களை நியமித்தது நாம். பெயர் எழுதிக்கொடுக்க, வரிசை பார்க்க, கேட் பக்கம் நிற்க அவர்கள் வேண்டும், அதில் குறையில்லை. ஆனால் பகடிவதை, மட்டம் போடுவது, வேப் (மின்சிகரெட்), தண்ணீர்ப் புட்டியை ஒளித்துவைத்து அழவைப்பது இதெல்லாம் மாணவர் தலைவரின் கண்முன் நடக்காது. அங்கே 'விடுடா, போதும்' என்று ஒருவன் சொன்னால் மற்றவன் விடவேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவன் யார் என்பதுதான் நம் கேள்வி. சில வேளை அது நீலச் சட்டைக்காரனாகவே இருப்பான், அதுவும் நல்லதுதான்.

எத்தனை வருஷமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம், எங்களுக்குத் தெரியாதா யார் தலைவன் என்று?

ஆசிரியர்கள் அதிகமாகக் கேட்டது இதைத்தான், கொஞ்சம் வருத்தத்தோடு கேட்டார்கள். அதனால் முதல் வருடமே ஒன்று செய்தேன். ஐந்தாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கும் மூன்று ஆசிரியர்களிடம், பிள்ளைகள் தாளைப் பிரிப்பதற்கு முன், ஆளுக்கு ஐந்து பெயர் எழுதி வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். நானும் எழுதினேன். நாங்கள் நால்வரும் எழுதியவை ஏறக்குறைய ஒரே பெயர்கள்: நன்றாகப் பேசுகிறவர்கள், கை தூக்குகிறவர்கள், போட்டிக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் தாளில் அதிகப் பெயர் வாங்கியவள் எங்கள் நான்கு பட்டியலிலும் இல்லை.

ஜன்னல் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்காரும் பெண். கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். ஏன் அவள் என்று புரியாமல், ஒரு வாரம் காலை 6.45க்கே பள்ளிக்குப் போனேன். தோட்டத்திலிருந்து வரும் வேன்தான் முதலில் வந்து சேரும். இறங்கியதும் அவள் சிற்றுண்டிச்சாலையின் கடைசிப் பெஞ்சில் பையை வைப்பாள். சின்னப்பிள்ளைகளுக்கு ரிப்பன் கட்டிவிடுவாள், முதலாம் ஆண்டுப் பையனுக்கு மைலோ புட்டியின் மூடியைத் திறந்து கொடுப்பாள், யாராவது கணக்குப் புத்தகத்தை நீட்டினால் பார்த்துவிட்டு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவாள், அவ்வளவுதான். தாமான் (வீடமைப்புப் பகுதி) பிள்ளைகள் அப்பா அம்மா காரில் வந்து இறங்கி நேராக அந்தப் பெஞ்சுக்குத்தான் நடந்தார்கள். 7.30க்கு நாங்கள் வகுப்புக்குள் நுழையும்போது அதெல்லாம் முடிந்திருக்கும். நமக்கு அனுபவம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நாம் இல்லாத நேரத்தில் நடப்பதைப் பார்க்க நமக்கு வழியில்லை, பிள்ளைகளிடம் கேட்டால்தான் தெரியும்.

சரி, பிள்ளைகளிடம் சரியாக என்ன கேட்கவேண்டும்?

'உங்கள் வகுப்பில் யார் தலைவர்?' என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் நீலச் சட்டை பெயரைத்தான் எழுதுவார்கள், அதுதான் சரியான விடை என்று நினைத்து. 'யார் உன் நண்பன்?' என்பது மட்டும் இருந்தாலும் போதாது. நண்பன் வேறு, நாம் யாரைப் பார்த்து நடக்கிறோமோ அந்த ஆள் வேறு.

வேல்ஸிலும் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலும் 'அசிஸ்ட்' என்ற புகைத்தடுப்புத் திட்டத்தில் 12, 13 வயதுப் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்டார்கள். உன் ஆண்டில் நீ மதிக்கிறவர் யார், விளையாட்டிலும் குழு வேலையிலும் நல்ல தலைவர் யார், யாரைப் பார்த்து அவரைப் போல இருக்க நினைக்கிறாய் என்பவை. நியூஜெர்ஸி பள்ளிகளில் எலிசபெத் பலக் என்ற உளவியலாளரின் குழுவினர் கேட்டது இன்னும் எளிது: கடந்த சில வாரங்களில் நீ யாரோடு நேரம் செலவழிக்க விரும்பினாய், பத்துப் பேர் வரை சொல். நான் இரண்டையும் கலந்து, நம் பிள்ளைகள் வாயில் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன்: ஓய்வு நேரத்தில் யார் பக்கத்தில் உட்காருவாய்? வீட்டுப்பாடம் புரியாவிட்டால் யாரிடம் கேட்பாய்? இரண்டு பேர் சண்டை போட்டால் யார் சொன்னால் நிறுத்துவார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிக்கிறார்கள்.

எத்தனை பெயர் எழுதச் சொல்லலாம்? மூன்றா, ஐந்தா?

மூன்று என்று கட்டிப்போட்டால் நெருங்கிய கூட்டாளிகளோடு நின்றுவிடும். இந்தக் குழுவிலிருந்து அந்தக் குழுவுக்குப் போகிற மெல்லிய கோடுகள் விழவே விழாது. 'ஐந்து வரை எழுதலாம், குறைவாக இருந்தாலும் சரி' என்று நான் சொல்கிறேன். 'ஐந்து பேர் கண்டிப்பாக' என்று சொல்லவே சொல்லாதீர்கள், ஒரே ஒரு நண்பன் உள்ள பிள்ளை மீதி நான்கு கோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பெயர்ப் பட்டியலை எண்ணோடு அச்சடித்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுங்கள், எண்ணை மட்டும் எழுதட்டும். என் வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர், பட்டப்பெயரில் மட்டுமே அழைக்கப்படுகிறவன் ஒருவன். பெயராக எழுதி வாங்கிய முதல் வருடம், யார் யார் என்று பிரிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கம்ப்யூட்டர் தெரியாத ஆசிரியர் இதைச் செய்ய முடியுமா?

ஒரு வகுப்பு என்றால் தாராளமாக முடியும். கட்டம் போட்ட தாள் எடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழே 1 முதல் 26 வரை, எழுதியவர்கள். மேலே இடமிருந்து வலம் அதே 1 முதல் 26 வரை, எழுதப்பட்டவர்கள். 4ஆம் எண் பிள்ளை 11ஐ எழுதியிருந்தால் 4ஆம் வரிசையில் 11ஆம் கட்டத்தில் ஒரு கோடு. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நெடுக்கையும் கூட்டுங்கள். 11இன் கீழே 9 வந்தால் ஒன்பது பேர் அந்தப் பிள்ளையைச் சொல்லியிருக்கிறார்கள். இதை உள்வரவு எண் என்று சொல்லலாம். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தாள் வையுங்கள், கலக்காதீர்கள்.

முழுப் பள்ளி என்றால் எக்செல்லில் ஏற்றி, கெஃபி போன்ற இலவச மென்பொருளில் போட்டால் படம் தானாக வரும். அழகாகத்தான் வரும், ஆனால் படத்தைப் பார்த்ததும் முடிவெடுத்துவிடாதீர்கள். புள்ளிகளை எங்கே வைப்பது என்பதை மென்பொருள் தன் வசதிக்குத்தான் முடிவுசெய்கிறது. நடுவில் இருப்பதால் மட்டும் ஒரு பிள்ளை பெரிய ஆள் ஆகிவிடாது, கூட்டல் எண்ணைப் பாருங்கள்.

அப்படியென்றால் அதிக ஓட்டு வாங்கியவன் தலைவன், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை, இங்கேதான் இந்த ஆய்வின் ருசியே இருக்கிறது. வெறும் ஓட்டு எண்ணுவதாக இருந்தால் வகுப்பில் கைதூக்கச் சொல்லியே முடித்துவிடலாம். யார் சொன்னார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ஒருவன் எட்டுப் பெயர் வாங்கியிருப்பான், எட்டும் அவனுடைய பந்தாட்டக் கூட்டத்திலிருந்தே வந்திருக்கும். இன்னொருத்தி ஐந்துதான் வாங்கியிருப்பாள், இரண்டு தோட்டத்து வேனிலிருந்து, இரண்டு தாமானிலிருந்து, ஒன்று புதிதாக வந்த பிள்ளையிடமிருந்து. ஒரு செய்தி வகுப்பு முழுக்கப் போகவேண்டும் என்றால் இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

லின்டன் ஃபிரீமன் என்ற வலைப்பின்னல் ஆய்வாளர் 1970களின் கடைசியில் இதைத்தான் பிரித்து எழுதினார். எத்தனை கோடு வருகிறது என்பது ஒரு கணக்கு. மற்றவர்களை எத்தனை அடியில் எட்டமுடியும் என்பது ஒரு கணக்கு. இரண்டு பேருக்கு நடுவில் எத்தனை தடவை வழியாக நிற்கிறார் என்பது இன்னொரு கணக்கு. கடைசியில் சொன்னதை நான் பாலம் என்று சொல்லிப் புரியவைக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் குறைந்து, தாமான் பிள்ளைகள் கூடிவிட்ட நம் பள்ளிகளில் இந்தப் பாலங்கள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அவர்களை விட்டுவிட்டால் தோட்டத்து வேனில் வருகிறவர்களுக்கு எதுவும் போய்ச் சேராது.

ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் என்று கிடக்கிறதே, அப்போது எப்படித் தேர்ந்தெடுப்பது?

பயப்படாதீர்கள், பத்துப் பதினோரு வயதில் எல்லா ஊரிலும் அப்படித்தான், மோரெனோ வரைந்த பழைய படங்களிலும் அப்படித்தான். மொத்தப் பட்டியலின் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுக்காமல், படத்தில் தெரிகிற ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஆள் எடுங்கள்.

தாமஸ் வாலண்டே குழுவினர் தென் கலிபோர்னியாவில் 84 ஆறாம் வகுப்புகளில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். தலைவரைத் தேர்ந்தெடுத்து யாரோ ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கச் சொன்னதைவிட, அவரைத் தலைவராகச் சொன்ன பிள்ளைகளையே அவர் குழுவில் போட்டபோது பலன் நன்றாக இருந்தது. அதனால் பெயர் எழுதிய தாளைத் தலைவரைக் கண்டுபிடித்ததும் ஓரமாக வைத்துவிடாதீர்கள், குழு பிரிக்கும்போதும் அதே தாள் வேண்டும்.

பிள்ளைகள் விளையாட்டாக எழுதினால்? பேசிவைத்துக்கொண்டு ஒரே ஆளுக்கு எழுதினால்?

ஒன்றிரண்டு பேர் எழுதுவார்கள், 26 தாளில் அது கரைந்துவிடும். எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிக்காமல், பரிசு, பேட்ஜ் எதுவும் கிடையாது என்று சொல்லி, இடம் மாற்றி உட்காரவைத்து எழுதி வாங்கினால் பெரும்பாலும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து அன்றைக்கு வராத பிள்ளைகள். ஐந்து பேர் வரவில்லை என்றால் அவர்களிடமிருந்து வரவேண்டிய கோடுகள் அத்தனையும் இல்லாமல் போகும். பத்தில் எட்டுப் பேராவது எழுதாத வகுப்பின் படத்தை நான் நம்புவதில்லை, மறுநாள் தேடிப்போய் வாங்கிவிடுவேன்.

'யாரைப் பிடிக்காது' என்றும் கேட்டால் முழுப் படம் கிடைக்குமே?

கிடைக்கும். 1982இல் கோயி, டாட்ஜ், கொப்போடெல்லி மூவரும் பிடித்தவர், பிடிக்காதவர் இரண்டையும் கேட்டுத்தான் பிள்ளைகளை எல்லோருக்கும் பிடித்தவர், ஒதுக்கப்பட்டவர், கண்டுகொள்ளப்படாதவர், பாதிப்பேருக்குப் பிடித்து பாதிப்பேருக்குப் பிடிக்காதவர், சராசரி என்று பிரித்தார்கள். ஒதுக்கப்பட்டவரும் கண்டுகொள்ளப்படாதவரும் வேறு வேறு என்று தெரிந்தது அந்தக் கேள்வியால்தான்.

ஆனாலும் நான் கேட்பதில்லை. பயிற்சி பெற்ற உளவியலாளர், எழுத்துச் சம்மதம், பின்கவனிப்பு எல்லாம் இருக்கிற ஆய்வு வேறு. எங்கள் பள்ளியில் எழுதி முடித்த பத்தாவது நிமிடம் மணி அடிக்கும், எல்லோரும் வெளியே ஓடுவார்கள், 'நீ யாரை எழுதினாய்?' என்றுதான் முதல் பேச்சே. பிடித்தவர் பெயரைச் சொன்னால் பரவாயில்லை, பிடிக்காதவர் பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அன்று மாலை வேனில் எப்படிப் போகும்? தலைவர்களைக் கண்டுபிடிக்க அந்தக் கேள்வி தேவையே இல்லை.

ஒருத்தருமே பெயர் எழுதாத பிள்ளை இருந்தால் என்ன செய்வது?

இருப்பார்கள், ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும். தலைவர்களைத் தேடித்தான் போனேன், ஆனால் அந்தத் தாளில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது பூஜ்யம் விழுந்த நெடுக்குதான். நான்காம் ஆண்டில் ஒரு பையன், வேறு தோட்டத்துப் பள்ளியிலிருந்து பாதி வருடத்தில் வந்து சேர்ந்தவன். அவன் ஐந்து பேர் எழுதியிருந்தான், அழகான கையெழுத்தில், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கேட்காமலே பெயரையும் எழுதி. அந்த ஐந்து பேரில் ஒருவரும் அவனை எழுதவில்லை.

முதல் விதி, அதை யாருக்கும் தெரியவிடக் கூடாது. ஒரு தடவை தாளை மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன், பார்த்த ஒருவர் பிள்ளைகள் முன்னாலேயே 'உனக்கு ஒரு ஓட்டுகூட இல்லையா' என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிவிட்டார். அது என் தவறுதான். அன்றிலிருந்து தாள்கள் பூட்டிய அலமாரியில் இருக்கின்றன, பெயரும் எண்ணும் உள்ள பட்டியல் வேறிடத்தில். இரண்டாவது, கூட்டிவைத்து 'எல்லோரும் இவனோடு பேசுங்கள்' என்று சொல்லாதீர்கள். அவன் எழுதிய ஐந்து பேரில் பாலமாக இருக்கிற ஒருவன் இருந்தான், அவனோடு சேர்த்து இரண்டு பேரையும் நூலகப் புத்தகம் அடுக்கப் போட்டேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த தவணையில் எடுத்த தாளில் அவன் நெடுக்கில் 2.

மட்டம் போடுகிறவன், வேப் இழுக்கிறவன் பெயர்தான் மேலே வருகிறது. அவனையா தலைவனாக்குவது?

இது இடைநிலைப்பள்ளிக் கட்டொழுங்கு ஆசிரியர்களின் கேள்வி, நியாயமான கேள்வி. தேசியச் சுகாதார ஆய்வில் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் வேப் பயன்படுத்துகிறவர்கள் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9 விழுக்காடு. 2024 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது என்று சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் கழிவறைக்குப் போனால் மாம்பழ வாசனை வரத்தான் செய்கிறது. அவர்களில் சிலருக்குப் பெயர் அதிகம் விழுவது நிஜம். பிள்ளைகளுக்குப் பிடித்ததை எழுதச் சொல்லிவிட்டு, நமக்குப் பிடிக்காத பெயரை அடித்துவிட்டால், கடைசியில் பழைய நீலச் சட்டைப் பட்டியலே மிஞ்சும், பிள்ளைகளும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதே நேரம் கண்ணை மூடிக்கொண்டும் சேர்க்க முடியாது. வாலண்டே குழுவினர் 2007இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எச்சரிக்கையானது. மாற்று உயர்நிலைப் பள்ளிகளில் தலைவர்களையும் குழுக்களையும் வலைப்பின்னல் பார்த்து அமைத்து, போதைத்தடுப்புப் பாடம் நடத்தினார்கள். நண்பர்கள் போதைப்பொருள் பயன்படுத்தாத பிள்ளைகளுக்கு நன்மை. நண்பர்கள் பயன்படுத்துகிற பிள்ளைகளிடம் பழக்கம் கூடிவிட்டது. ஒரே கூட்டத்தை ஒரே குழுவில் போட்டால் எது ஏற்கனவே ஓடுகிறதோ அது இன்னும் வேகமாக ஓடும். மேலே குழு பிரிப்பதைப் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

நான் செய்வது இது. அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, 'உன் பெயரைப் பல பேர் எழுதியிருக்கிறார்கள்' என்று சொல்வேன், எத்தனை பேர், யார் என்று சொல்லமாட்டேன். படிவம் இரண்டில் (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டில்) ஒருவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, 'டீச்சர், நான் வேப் இழுக்கிறேன், தெரியும்தானே?' என்றான். தெரியும் என்றேன். வேப் பற்றி அவனைப் பேசவைப்பது பொய்யாக இருக்கும், அதை இருவருமே ஒத்துக்கொண்டோம். பகடிவதை விஷயத்தை எடுத்துக்கொண்டான். புதிதாக வந்த படிவம் ஒன்று பிள்ளைகளைப் பஸ் நிறுத்தத்தில் காசு கேட்டு மிரட்டுவதை நிறுத்த எங்களால் முடியாமல் இருந்தது, அவன் அங்கே போய் நின்றான், நின்றுவிட்டது. இழுப்பதை அவன் விட்டானா என்று கேட்பீர்கள். இன்னும் விடவில்லை. அதற்குத் தனியாக ஆலோசகரிடம் வருகிறான்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இரண்டு பெரிய ஆய்வுகளைச் சொல்லலாம், இரண்டும் சீட்டுக் குலுக்கி மாதிரி பள்ளிகளைப் பிரித்துச் செய்தவை. முதலாவது மேலே சொன்ன அசிஸ்ட்: 59 பள்ளிகள், 10,730 மாணவர்கள், 2008இல் லான்செட் இதழில் வந்தது. பெயர் அதிகம் வாங்கியவர்களுக்குப் பள்ளிக்கு வெளியே இரண்டு நாள் பயிற்சி, பிறகு பத்து வாரம் தங்கள் கூட்டத்தோடு சாதாரணப் பேச்சு. இரண்டு ஆண்டுக் கணக்கில், அந்தப் பள்ளிகளில் வாரந்தோறும் புகைப்பவராக இருக்கும் வாய்ப்பு விகிதம் 22 விழுக்காடு குறைவாக இருந்தது. இரண்டாவது நியூஜெர்ஸி: 56 நடுநிலைப் பள்ளிகள், 2012–13 கல்வியாண்டு, 24,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். சண்டை சச்சரவுக்காக எழுதப்பட்ட கட்டொழுங்குப் புகார்கள் ஓராண்டில் 25 விழுக்காடு குறைந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளில் மற்றவர்கள் அதிகமாகப் பார்த்து நடக்கிறவர்கள் கூடுதலாக இருந்த பள்ளிகளில் பலன் இன்னும் அதிகம்.

இரண்டும் நம் ஊர் இல்லை. நம் பள்ளியில் நடந்ததை நான் ஆதாரம் என்று சொல்லமாட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பள்ளி என்னிடம் இல்லை.

பெயர்களைக் கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் அவர்களை மேடையில் ஏற்றி அறிவித்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். சபைகூடலில் பெயர் வாசித்த நிமிடமே அவர்கள் நம் ஆள் ஆகிவிடுவார்கள். அவர்கள் சொல் எடுபட்டதே நம் ஆள் இல்லை என்பதால்தான். அசிஸ்ட் பிள்ளைகள் மாதிரி, சொற்பொழிவு இல்லாமல் சாப்பாட்டு நேரத்தில், வேனில், திடலில் பேசுவதுதான் வேலை. எத்தனை பேர் என்றால், அங்கே ஓர் ஆண்டு மாணவர்களில் 15 விழுக்காட்டினராவது பயிற்சி முடிக்கவேண்டும் என்று வைத்தார்கள். 26 பேர் வகுப்புக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர் சம்மதம் வேண்டுமா? கல்வி இலாகாவிடம் கேட்கவேண்டுமா?

பட்டப்படிப்புக்காகவோ கட்டுரை எழுதவோ செய்தால், கல்வி அமைச்சின் கொள்கைத் திட்டமிடல், ஆராய்ச்சிப் பிரிவிடம் இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கவேண்டும், தலைமையாசிரியர் சரி என்றால் மட்டும் போதாது. பள்ளியின் சொந்த மாணவர் நல வேலைக்கு என்றால் தலைமையாசிரியரோடு பேசுங்கள், ஆனாலும் பெற்றோருக்குக் கடிதம் கொடுங்கள், தமிழில், அரைப் பக்கத்தில், என்ன கேட்போம், தாளை என்ன செய்வோம் என்று. பிள்ளையிடமும் கேளுங்கள். எழுத விருப்பமில்லை என்றால் வெறும் தாளை மடித்துக் கொடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாது, அதனால் அரசுப் பள்ளி கவலைப்படவேண்டாம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சட்டம் கேட்காவிட்டாலும் பூஜ்யம் வாங்கிய பிள்ளையின் அம்மா கேட்பாரே. ஆண்டு முடிவில் தாள்களைக் கிழித்துவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் மொத்தமே 40 பிள்ளைகள். எங்களுக்கு இது எதற்கு?

150க்குக் கீழே உள்ள குறைந்த மாணவர் பள்ளிகள் நம் தமிழ்ப்பள்ளிகளில் நிறைய. அங்கே வகுப்பு வகுப்பாகச் செய்யாதீர்கள், ஏழு பேர் வகுப்பில் படம் எதுவும் சொல்லாது. முதலாம், இரண்டாம் ஆண்டை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் ஒரே பட்டியலாகப் போடுங்கள். அண்ணன் தம்பி, மாமன் மகள் என்று உறவு நிறைய இருக்கும், அந்தக் கோடுகளை வேறு நிறத்தில் போடுங்கள். சித்தி மகன் என்பதால் எழுதியதும், மதித்து எழுதியதும் ஒன்றில்லை.

எங்கள் இடைநிலைப்பள்ளியில் 1,500 பேர். எல்லோரிடமும் எப்படிக் கேட்பது?

ஒரே ஒரு படிவத்தை எடுத்துக்கொள்வது நல்ல வழி. அதுவும் முடியாவிட்டால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. சீட்டுக் குலுக்கி 50 பேரை எடுங்கள். அவர்களை விட்டுவிட்டு, அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லும் ஒரு நண்பரை எடுங்கள். சராசரியாகப் பார்த்தால் நம்மைவிட நம் நண்பர்களுக்கு நண்பர்கள் அதிகம் என்று 1991இல் ஸ்காட் ஃபெல்ட் காட்டினார். பல பேரோடு பழகுகிறவர் பல பேருடைய பட்டியலில் இருப்பார், காரணம் அவ்வளவுதான். ஹோண்டுராஸில் 32 கிராமங்களில் இப்படி நண்பர்வழி ஆள் பிடித்துச் சத்துமாத்திரையைப் பரப்பியபோது, சீட்டுக் குலுக்கி எடுத்தவர்களைவிட நன்றாகப் பரவியது என்று 2015இல் லான்செட்டில் வந்தது. ஆனால் இந்த வழியில் பூஜ்யம் வாங்கிய பிள்ளை உங்கள் கண்ணில் படவே படாது, அதை மறந்துவிடாதீர்கள்.

ஆறாம் ஆண்டில் கண்டுபிடித்த தலைவர்கள் படிவம் ஒன்றுக்குப் போனதும் என்ன ஆகிறார்கள்?

படம் உடைந்துபோகிறது. சிலர் பெராலிஹான் வகுப்புக்கு (படிவம் ஒன்றுக்கு முந்தைய இடைவகுப்பு) போவார்கள், சிலர் வேறு பள்ளிக்கு, மற்றவர்கள் ஐந்தாறு வகுப்புகளில் சிதறுவார்கள், சுற்றிலும் மலாய்ப் பேச்சு. அந்த மூன்றாவது வரிசைப் பெண்ணை நான் மறுபடி பார்த்தது அங்கேதான். மார்ச்சில் எழுதி வாங்கிய தாளில் அவளை எழுதியது ஒரே ஒருத்தி, அதே தோட்டத்துத் தோழி. ஆகஸ்டில் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் மலாய்ப் பிள்ளைகள், இரண்டுமே 'புரியாவிட்டால் யாரிடம் கேட்பாய்' என்ற கேள்விக்கு. அதனால் படிவம் ஒன்றில் வருடத் தொடக்கத்தில் எடுத்த பட்டியலை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்காதீர்கள், தமிழ்ப்பள்ளிப் பட்டியலையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். ஆகஸ்டில் புதிதாகக் கேளுங்கள்.